பருத்திக்காட்டுப் பிள்ளை பறந்த கதை

(சென்ற ஆண்டு நமது பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா என்றால் ஆசிரியர்கள் பேச வேண்டியது இன்னதென்று ஒரு வழக்கம் உண்டு. நன்றாகப் படியுங்கள், நேரத்தை வீணாக்காதீர்கள், தொலைக்காட்சியைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். நானும் அப்படித்தான் இத்தனை வருஷமும் செய்து வந்தேன். இந்த ஆண்டு முடியவில்லை. முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றால் கட்டுக்கதை இல்லை, நடந்த கதை.

இந்த ஆண்டு இரண்டாம் தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் எதிர்கால ஆசை' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு மாணவன் விமானி ஆக வேண்டும் என்று எழுதியிருந்தான். அவன் பெயர் இங்கே வேண்டாம். கணக்கில் கொஞ்சம் பின்தங்கியவன். நான் அந்த நோட்டைக் கையில் எடுத்து, வகுப்பு கேட்கும்படி உரக்க வாசித்து, "ஏழாம் வாய்ப்பாட்டை முதல்ல ஒழுங்கா சொல்லு ராஜா, அப்புறம் ஏரோப்பிளேன் ஓட்டலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் நோட்டு மறுபடி என் மேசைக்கு வந்தது. 'விமானி' என்ற சொல்லை ரப்பரால் அழித்துவிட்டு 'லோரி ஓட்டுநர்' என்று எழுதியிருந்தான். லோரி ஓட்டுவது தாழ்ந்த தொழில் என்று நான் சொல்லவில்லை. என்னைப் படிக்க வைத்த என் தகப்பனாரே லோரி ஓட்டினவர்தான். ஆனால், அந்தப் பையன் லோரி ஓட்ட ஆசைப்பட்டு அதை எழுதவில்லை. நான் சிரித்ததால் எழுதினான்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு கடற்படை விமானியின் வாழ்க்கையைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தேன். 2022-ஆம் ஆண்டு வெளிவந்த 'டிவோஷன்' என்ற ஆங்கிலப் படம். படம் என்றால் கொஞ்சம் ஜோடனை இருக்கும் அல்லவா, ஆகவே உண்மையில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது விடியற்காலை ஆகிவிட்டது. அந்த அழிந்த எழுத்துதான் கண்முன் நின்றது.

அந்த விமானியின் பெயர் ஜெஸ்ஸி லெராய் பிரவுன். 1926-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தவன். கறுப்பினக் குடும்பம். அந்தக் காலத்து மிசிசிப்பியில் கறுப்பினத்தவருக்குப் பள்ளி வேறு, வெள்ளையருக்குப் பள்ளி வேறு. பஸ்ஸில் உட்காரும் இடம் வேறு, தண்ணீர் குடிக்கும் குழாய்கூட வேறு. சட்டமே அப்படி.

"எங்கேயோ இருக்கிற அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்கு வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவனுடைய அப்பா என்ன வேலை செய்தார் தெரியுமா? ஊரில் வேலை போனதும் குடும்பத்தோடு ஹாட்டிஸ்பர்க்குக்கு வெளியே பாமர்ஸ் கிராசிங் என்ற இடத்துக்குப் போய், டர்பன்டைன் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். டர்பன்டைன் என்றால் சாயத்தில் கலப்பார்களே, அந்த எண்ணெய். அது எப்படிக் கிடைக்கிறது? பைன் மரத்தின் பட்டையைச் சாய்வாகக் கீறிவிடுவார்கள். பால் வடியும். கீழே ஒரு மங்கு கட்டியிருப்பார்கள். வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஆலைக்குக் கொண்டு போவார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இப்போது நம் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டாலும், பால் வெட்டிய கை இன்னும் மறக்கவில்லை அல்லவா?

1938-இல் அந்த வேலையும் போயிற்று. அடுத்து லக்ஸ் என்ற ஊரில் குத்தகைக் கூலியாகப் போனார்கள். நிலம் முதலாளியுடையது. உழுவது இவர்கள். விளைந்ததில் முதலாளிக்கு ஒரு பங்கு, மிச்சம் இவர்களுக்கு. சோளமும் பருத்தியும் விளையும் நாடு அது. இப்படி உழைத்தவர்கள் பலருக்குக் கடைசியில் கணக்கு நோட்டில் கடன்தான் மிஞ்சும். வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது. குளிருக்கு அடுப்பங்கரை நெருப்புதான். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள்.

ஆனால் ஒன்று. அம்மா ஜூலியா ஆசிரியையாக இருந்தவர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதவர்கள். ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடம், மூன்று மைல் நடை. மழை என்றும் வேலை என்றும் சாக்குச் சொல்லி நிற்க முடியாது. மாலையில் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேள்வி வரும். இதைச் சொல்லும்போது நம் பெற்றோர்களில் சிலர் தலையைக் குனிவதையும், சிலர் நிமிர்வதையும் மேடையிலிருந்து பார்க்கிறேன். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, மன்னிக்கவும்!

ஆறு வயதில் அப்பா அவனை ஒரு விமானக் காட்சிக்கு அழைத்துப் போனார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பைத்தியம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்தரை விமானத் திடல் இருந்தது. பையன் ஓடி ஓடிப் போய் அங்கே நிற்பான். அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் விரட்டுவார். மறுபடி போய் நிற்பான். அந்த மெக்கானிக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவராவது வாயால் விரட்டினார். நான் நோட்டை வாசித்து விரட்டினேன்.

1937-இல், பத்து வயதோ பதினொரு வயதோ, இந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினான்! கறுப்பின விமானிகளை ராணுவ விமானப் படையில் சேர்க்காதது அநியாயம் என்று முறையிட்டான். வெள்ளை மாளிகையிலிருந்து பதிலும் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி என்கிற மாதிரியான பதில்தான். சட்டம் மாறவில்லை. ஆனால், கடிதம் எழுத ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, எழுதலாம் என்ற துணிவும் இருந்தது. மாணவர்களே, கடிதம் எழுதும் பாடத்தில் தூங்குகிறவர்கள் கவனிக்கவும்.

பதின்மூன்று வயதில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டான். கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகை அது. போட்டதோடு நிற்காமல் படித்தான். தன் இனத்திலேயே விமானம் ஓட்டியவர்கள் உண்டு என்று அதில்தான் தெரிந்துகொண்டான். பெஸ்ஸி கோல்மன் என்ற பெண்மணி ஓட்டியிருக்கிறார், யூஜின் புல்லார்ட் என்பவர் முதல் உலகப் போரிலேயே பிரான்ஸ் நாட்டுக்காகப் பறந்திருக்கிறார். நம்மைப் போன்ற ஒருவர் முன்னாலே போயிருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைக்குக் கால் தரையில் நிற்காது.

அத்தை வீட்டில் தங்கி ஹாட்டிஸ்பர்க்கில் யுரேக்கா உயர்நிலைப் பள்ளியில் படித்தான். 1944-இல் பள்ளியிலேயே இரண்டாவது மாணவனாகத் தேறினான். ஓட்டப்பந்தயம், அமெரிக்கக் காற்பந்து, கூடைப்பந்து எல்லாவற்றிலும் இருந்தான். தலைமையாசிரியர் அவனைக் கறுப்பினக் கல்லூரி ஒன்றில் சேரச் சொன்னார். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை அடிபடக்கூடாது என்ற அக்கறை. ஆனால் ஜெஸ்ஸி வடக்கே, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். ஓட்ட வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் படித்த இடம் அது. இவனுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு. செலவுக்கு வழி? வெள்ளைச் சிப்பாய்கள் குடிக்க வரும் விடுதி ஒன்றில் பரிமாறி, அவர்கள் வாயில் வந்த வசையெல்லாம் வாங்கிக்கொண்டு, 600 டாலர் சேர்த்தான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு பகலில் வகுப்பு. பிற்பகல் மூன்றரை மணி முதல் நள்ளிரவு வரை ரயில் பெட்டிகளில் சரக்கு ஏற்றும் வேலை. படித்தது கட்டடக்கலைப் பொறியியல்.

1946-இல் கடற்படையின் விமானப் பயிற்சித் திட்டத்துக்கு மனுச் செய்தான். இது உன்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று ஆளெடுப்பவர்கள் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரமோ எத்தனையோ பரீட்சை எழுது என்றார்கள். எழுதினான். வாங்கிய புள்ளிகளைப் பார்த்த பிறகு அவர்களால் மறுக்க முடியவில்லை. 1947-இல் பயிற்சி தொடங்கியது. அதில் ஒரு கட்டம் ஃபுளோரிடாவில் பென்சகோலா என்ற ஊரில். அங்கே இருக்கும்போதே 1947 அக்டோபரில் டெய்சி பெர்ல் நிக்ஸ் என்ற தன் ஊர்ப் பெண்ணை யாருக்கும் தெரியாமல் மணந்துகொண்டான். பயிற்சியில் இருப்பவர்கள் கல்யாணம் செய்யக்கூடாது, தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். (மாணவர்களே, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

1948 அக்டோபர் 21-ஆம் நாள் அவருடைய சட்டையில் தங்க நிறச் சிறகுச் சின்னம் குத்தப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியை முழுவதும் முடித்துச் சிறகு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அன்றுமுதல் அவன் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. அவர் என்றே சொல்கிறேன். அந்த டிசம்பரில் பமீலா என்ற மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு அதிகாரியானார். 'லேட்டி' என்ற விமானந்தாங்கிக் கப்பலில், 32-ஆம் போர் விமானப் பிரிவில் சேர்ந்தார்.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். தாமஸ் ஹட்னர். வெள்ளையர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊர்க்காரர். குடும்பத்துக்கு மளிகைக் கடைகள் இருந்தன. பெரிய பள்ளிகளில் படித்து, கடற்படைக் கல்லூரியில் தேறியவர். இருவரும் முதலில் சந்தித்தது உடை மாற்றும் அறையில். ஜெஸ்ஸி தலையசைத்து வணக்கம் சொன்னாரே தவிரக் கையை நீட்டவில்லை. ஏன்? தான் நீட்டி, அவர் வாங்காமல் போனால் இருவருக்குமே சங்கடம் என்று. எத்தனை தடவை பட்டிருந்தால் ஒரு மனிதனுக்கு அந்த எச்சரிக்கை வரும்! ஹட்னர் அறையின் குறுக்கே நடந்து வந்து தாமே கை கொடுத்தார். பதவியில் ஹட்னர் ஒரு படி மேல், அனுபவத்தில் ஜெஸ்ஸி மேல். ஆகவே பறக்கும்போது ஜெஸ்ஸி முன்னே போவார், ஹட்னர் அவருக்குப் பக்கத் துணையாகப் பின்னே வருவார்.

1950 ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. அக்டோபரில் 'லேட்டி' அங்கே போய்ச் சேர்ந்தது. நவம்பர் கடைசியில் வடகொரியாவின் மலைநாட்டில், சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, ஐக்கிய நாட்டுப் படைகளைச் சீனப் படைகள் வளைத்துக்கொண்டன. வளைத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். குளிர் என்றால் நம் ஐஸ்பெட்டிக் குளிர் இல்லை. பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை வரை போன குளிர். துப்பாக்கி எண்ணெய் உறைந்தது, காயத்துக்கு ஏற்ற வைத்திருந்த மருந்து உறைந்தது. தரையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆகாயத்திலிருந்து வந்த உதவிதான் பெரிய நம்பிக்கை. ஜெஸ்ஸியும் அவர் தோழர்களும் நாள்தோறும் பறந்தார்கள்.

போரைப் புகழ்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மலையில் அந்தப் பக்கம் நின்ற சீனப் பையன்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். அவர்களும் ஆயிரக்கணக்கில் பனியில் விறைத்துச் செத்தார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

டிசம்பர் 3 இரவு, ஜெஸ்ஸி கப்பலில் உட்கார்ந்து டெய்சிக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் டிசம்பர் 4, பிற்பகல், ஆறு விமானங்கள் 'லேட்டி'யிலிருந்து கிளம்பின. கோர்சேர் என்னும் ஒற்றை என்ஜின் விமானங்கள். ஒரு மணி நேரம் போலப் பறந்திருப்பார்கள். மலைகளுக்குமேல் தாழ்வாகப் போகும்போது ஜெஸ்ஸியின் விமானத்திலிருந்து ஏதோ ஒழுகுவதாகத் தோழர் ஒருவர் ரேடியோவில் சொன்னார். தரையிலிருந்து யாரோ சுட்ட குண்டு பட்டிருக்க வேண்டும். என்ஜின் வலு இழந்துவிட்டது. பாரசூட்டில் குதிக்க உயரம் போதாது. கப்பலுக்குத் திரும்பவும் வழியில்லை. மலைச்சரிவில் பனி மூடிய ஒரு வெட்டவெளியில் இறக்கினார். இறக்கினார் என்பதைவிட விழுந்தது என்பதே சரி. விமானம் முன்பக்கம் மடிந்துவிட்டது.

மேலே சுற்றியவர்கள் அவர் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். அப்போது கண்ணாடி மூடி திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அசைந்தது.

கை அசைகிறது, ஆனால் ஆள் வெளியே வரவில்லை. கால் உள்ளே நசுங்கி மாட்டியிருந்தது. என்ஜின் பக்கமிருந்து புகை வேறு கிளம்புகிறது. ஹெலிகாப்டருக்குச் சொல்லியாயிற்று, அது வர நேரமாகும். சுற்றிலும் எதிரிப் படை இருக்கும் மலை. ஹட்னர் மேலே சுற்றிக்கொண்டே பார்த்தார். பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. சக்கரத்தை வெளியே எடுக்காமலேயே தம் விமானத்தை அதே சரிவில், ஜெஸ்ஸியின் விமானத்துக்குப் பக்கத்தில், வயிறு தரையில் மோத இறக்கினார். பெற்றோர்களே, நன்றாகக் கவனியுங்கள். அவர் விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றே, நல்ல விமானத்தை உடைத்துக்கொண்டு இறங்கினார். முதுகில் அடி. மேலதிகாரிகள் இதற்காகத் தண்டிக்கலாம். தம் உயிரே போகலாம். இறங்கினார்.

பனியில் ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெஸ்ஸி கையுறைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் விறைத்துவிட்டன. ஹட்னர் தம்மிடமிருந்த கம்பளித் தொப்பியை அவர் தலையில் போட்டார். கழுத்துத் துணியால் அவர் கைகளைச் சுற்றினார். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. புகை வரும் இடத்தில் கையால் பனியை அள்ளி அள்ளிப் போட்டார். ஹட்னர் பிற்காலத்தில் எங்கே பேசினாலும், ஜெஸ்ஸி அப்போது காட்டிய அமைதியைச் சொல்லாமல் இருந்ததில்லை. காப்பாற்ற வந்தவருக்கு, மாட்டிக்கொண்டவரே தைரியம் கொடுத்தாராம்.

ஹெலிகாப்டர் வந்தது. சார்லஸ் வார்ட் என்ற விமானி தனியாக வந்தார். ஒரு கோடாலியும் தீயணைக்கும் கருவியும் கொண்டுவந்தார். இருவருமாகக் கோடாலியால் அந்த இரும்பை வெட்டினார்கள். கோடாலி எகிறியது. முக்கால் மணி நேரம் போராடினார்கள். காலை வெட்டி எடுத்தாவது ஆளை மீட்கலாமா என்றுகூடப் பேசினார்கள். ஜெஸ்ஸிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. டெய்சியிடம் தாம் அவளை நேசிப்பதாகச் சொல்லுங்கள் என்று ஹட்னரிடம் சொன்னார். அதன் பிறகு அதிகம் பேசவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து ஹெலிகாப்டர் அந்த மலையில் இருட்டில் பறக்க முடியாது. நான் கிளம்பியாக வேண்டும், நீ வருகிறாயா இல்லையா என்று வார்ட் கேட்டார். இருந்தால் இரவுக்குள் மூவருமே சாவார்கள். ஜெஸ்ஸி கண் மூடிக் கிடந்தார். வேறு கருவிகள் கொண்டு திரும்பி வருகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஹட்னர் ஏறினார். சொல்லும்போதே அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அன்று சபை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எனக்கும் பேச்சு வரவில்லை. ஒரு தாய், "அந்தப் பிள்ளை தனியாவா செத்தான்?" என்று மெல்லக் கேட்டார். ஆம் அம்மா. ஆனால், கடைசி முக்கால் மணி நேரம் தனியாக இல்லை. அவருக்கு வயது இருபத்து நான்கு.

மீட்கப் போகலாமா என்று பிறகு யோசித்தார்கள். எதிரிகள் சூழ்ந்த இடம், இன்னும் சில உயிர்கள் போகும். கப்பல் தலைவர் வேண்டாம் என்று முடிவு செய்தார். சில நாள் கழித்து அவருடைய தோழர்களே அந்த மலைக்குமேல் பறந்து, ரேடியோவில் கிறிஸ்துவ ஜெபத்தைச் சொல்லியபடி, நேபாம் என்னும் எரிகுண்டைப் போட்டு அந்த விமானங்களை எரித்தார்கள். நம் வழக்கத்தில் சொன்னால் கொள்ளி வைத்தார்கள். மகள் பமீலாவுக்கு அந்த மாதம்தான் இரண்டு வயது. டிசம்பர் 3 இரவு எழுதிய கடிதம், சாவுச் செய்தி வந்த பிறகுதான் டெய்சியின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஹட்னரைத் தண்டிக்கவில்லை. 1951 ஏப்ரல் 13-ஆம் நாள் அதிபர் டுருமன் வெள்ளை மாளிகையில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அவர் கழுத்தில் அணிவித்தார். டெய்சியும் அங்கே வந்து நின்றார். பதக்கம் வாங்கும் நேரத்திலும் ஹட்னர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? காப்பாற்றியதற்கு அல்ல, காப்பாற்ற முடியாமல் போனதற்கு வந்த பதக்கம். ஜெஸ்ஸிக்கும் சிறப்புப் பறத்தல் சிலுவை உள்ளிட்ட விருதுகள் வழங்கப்பட்டன. வாங்கிக்கொள்ள அவர்தான் இல்லை.

டெய்சி என்ன ஆனார் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். படித்து, ஹாட்டிஸ்பர்க்கில் மனையியல் ஆசிரியையானார். பிறகு மறுமணமும் செய்துகொண்டார். ஹட்னர் அந்தக் குடும்பத்தோடு கடைசிவரை உறவு விடவில்லை. 1973 பிப்ரவரி 17-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில், ஜெஸ்ஸி எல். பிரவுன் என்று பெயரிட்ட போர்க்கப்பல் ஒன்று பணியில் சேர்ந்தது. பந்தலில் டெய்சி, பமீலா, ஹட்னர் மூவரும் இருந்தார்கள். அந்தக் கப்பல் 1994-இல் ஓய்வு பெற்று எகிப்துக்குப் போய்விட்டது. இரும்புக்கும் வயது உண்டல்லவா.

ஹட்னர் மட்டும் அந்த மலையை மறக்கவில்லை. 2013 ஜூலையில், எண்பத்தெட்டு வயதில், வடகொரியாவுக்கே போனார். கூனிப்போன முதுகோடு, பியோங்யாங் நகரில், அவர்களுடைய அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, என் நண்பன் எலும்பையாவது தேடித் தாருங்கள் என்று கேட்டார். அது மழைக்காலம். மலைப்பாதை எல்லாம் அடைபட்டுவிட்டது, பிறகு தேடுவோம் என்றார்கள். அவர் திரும்பினார். 2017 நவம்பரில் காலமானார். அதுவரை கிடைக்கவில்லை. திரும்பி வருகிறோம் என்று பனியில் சொன்ன ஒரு வார்த்தைக்காக, அறுபத்து மூன்று வருஷம் கழித்துப் போய் நின்றார் மனிதர்.

பெற்றோர்களே, இந்தக் கதையை உங்களுக்குச் சொல்வதற்கு முன்பு எனக்கே நான் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது பாடத் திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், கரும்பலகையில் எழுத்து உருட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளை விழும்போது எப்படி இறங்குவது என்று அங்கே பாடம் இல்லை. இறங்கவில்லை என்றாலும் பரவாயில்லை, நான் மேலேயிருந்து சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

இன்று பரிசு வாங்கும் நாற்பது மாணவர்களில் அந்தப் பையன் இல்லை. பின்வரிசையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். தம்பி, உன் கட்டுரை நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. நீ அழித்த சொல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. வகுப்பு முன்னால் நான் சொன்னது தப்பு. அதே வகுப்பு முன்னால், உன் அப்பா அம்மா முன்னால், அதை இப்போது சொல்கிறேன். வந்து வாங்கிக்கொள்.

உரை அங்கே முடிந்தது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் ஒரு செய்தி சேர்க்கிறேன். மறுவாரம் திங்கட்கிழமை, மணி அடிக்கும் முன்பே அவன் வந்தான். நோட்டை வாங்கிக்கொண்டான். போகாமல் நின்றான்.

"சார், கப்பல் மேல எப்படி சார் ஏரோப்பிளேன் இறங்கும்? இடம் பத்தாதே?"

விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும், கப்பல் தளத்தின் குறுக்கே இரும்புக் கயிறு கட்டியிருப்பார்கள், இறங்கும்போது கொக்கி கயிற்றில் மாட்டி இழுத்து நிறுத்திவிடும் என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு நாற்காலிக்கு நடுவே நூல் கட்டி, அடிமட்டத்தில் காகிதக் கிளிப்பை வளைத்து மாட்டிச் செய்து காட்டினேன். மூன்று தடவை அறுந்து போயிற்று. நாலாவது தடவை பிடித்தது. அதற்குள் வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. அன்று கணக்குப் பாடம் பாதிதான் நடந்தது.